லிபோசக்‌ஷன் செய்துகொள்ள நினைக்கிறேன்: அறுவையின்போதும் அதன் பிறகும் என்ன நடக்கும்?

மாலைநிலவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு ஏறிய எடையை மெல்ல மெல்லக் குறைத்து, கடந்த நான்கு ஆண்டுகளாக 63, 64 கிலோவிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். நாள்தோறும் நடக்கிறேன், வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சியும் செய்கிறேன். ஆனாலும் தொடைகளின் வெளிப்புறத்திலும் அடிவயிற்றிலும் தங்கிவிட்ட கொழுப்பு மட்டும் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. எடை குறைந்தபோது முகமும் கைகளும்தான் மெலிந்தன, இந்த இரண்டு இடங்களும் அப்படியே இருக்கின்றன.

சென்ற வாரம் ஓர் அறுவை மருத்துவரைப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. இரண்டு நாள் ஓய்வு போதும் என்றும், மூன்றாம் நாள் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடலாம் என்றும் சொன்னார். அது எனக்கு நிம்மதியைத் தராமல் பயத்தையே தந்தது, ஏனென்றால் உடலுக்குள் குழாய் விட்டுக் கொழுப்பை எடுக்கும் ஒரு காரியம் அவ்வளவு எளிதாக முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

செய்துகொண்டவர்களும் விவரம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள். வலி எப்படி இருக்கும், எத்தனை நாள் இருக்கும்? எடுத்த கொழுப்பு திரும்பி வருமா? இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சென்ற ஆண்டு சொன்னார்கள், இந்தச் சிகிச்சையால் அதுவும் சீராகுமா? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற எண்ணம் இரவில் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சிற்றோடை எழுதியது:

வணக்கம் தோழி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடுப்பின் இரு பக்கங்களிலும் தொடைகளிலும் செய்துகொண்டேன். எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

அன்று காலையில் முதலில் என்னை நிற்க வைத்து, தடித்த பேனாவால் உடம்பில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டார்கள். படுத்தால் கொழுப்பு சரிந்து இடம் மாறிவிடும் என்பதால் நிற்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டுமாம். புகைப்படங்களும் எடுத்தார்கள். அப்போது மிகவும் கூச்சமாக இருந்தது, ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தப் படங்களை வைத்துத்தான் என்னால் வித்தியாசத்தையே உணர முடிந்தது.

எனக்கு முழு மயக்கம் தரவில்லை. லேசான தூக்க மருந்தும், அந்தந்த இடத்தை மரக்கச் செய்யும் மருந்தும்தான் தந்தார்கள். தோலில் சில மில்லிமீட்டர் அளவுக்குக் கீறி, அதன் வழியாக லிட்டர் கணக்கில் மருந்து கலந்த உப்பு நீரை உள்ளே செலுத்தினார்கள். தொடை பந்து போல விறைத்து, தோல் வெளிறிப்போனது. அதன் பிறகு மெல்லிய குழாயை உள்ளே விட்டு முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். வலி இல்லை, ஆனால் உள்ளே யாரோ அழுத்திச் சுரண்டுவது போன்ற உணர்வு இருந்துகொண்டே இருந்தது, எலும்புக்கு அருகில் வரும்போது உடல் கூசியது. இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது.

உங்கள் மருத்துவர் சொன்ன அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் நான் விரிவாகப் பேச விரும்புகிறேன். கீறல்களை முழுதாகத் தைத்து மூடாமல், உள்ளே தேங்கிய நீர் வடிவதற்காகத் திறந்தே விட்டிருந்தார்கள். அன்று இரவு முழுவதும் இளஞ்சிவப்பு நிறத்தில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. கட்டுகளை மீறிப் படுக்கையில் இறங்கியதைப் பார்த்து இரத்தம்தான் கொட்டுகிறது என்று என் அம்மா பதறிவிட்டார். பெரும்பகுதி உப்பு நீர்தான் என்று முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் பதற்றம் இருந்திருக்காது. மெத்தையின் மேல் பிளாஸ்டிக் விரிப்பும், அதன் மேல் பழைய துண்டுகள் நாலைந்தும் போட்டுவிடுங்கள். 36 மணி நேரம் போல வடிந்து நின்றது.

வலியைச் சொல்வதென்றால், பழக்கமே இல்லாத ஒருவர் ஒரே நாளில் அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்தால் மறுநாள் உடம்பு எப்படி இருக்கும், அதோடு சேர்ந்து வெயிலில் சுட்ட தோலின் எரிச்சலும் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. முதல் நான்கு நாட்கள் கடுமையாகவும், அடுத்த பத்து நாட்கள் எழும்போதும் உட்காரும்போதும் மட்டுமாகவும் இருந்தது. கன்றிப்போன ஊதா நிறம் தொடையிலிருந்து முழங்கால் வரை இறங்கி, பச்சையாகி, மஞ்சளாகி, மூன்று வாரத்தில் மறைந்தது. மூன்றாவது வாரத்தில் தோல் மரத்த இடங்களில் திடீர் திடீரென்று ஊசி குத்துவது போலவும் அரிப்பது போலவும் இருந்தது, சொறிந்தால் தொட்டதே தெரியவில்லை. அந்த மரப்பு முழுதும் நீங்க ஐந்து மாதம் ஆனது.

வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவள் என்பதால் ஆறாம் நாள் வேலையைத் தொடங்கினேன். பயணம் செய்து நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலையாக இருந்திருந்தால் இரண்டு வாரமாவது விடுப்பு எடுத்திருப்பேன். இறுக்கமான அழுத்த உடையை முதல் மூன்று வாரம் இரவும் பகலும், பிறகு மூன்று வாரம் பகலில் மட்டும் அணிந்தேன். கடுமையான உடற்பயிற்சிக்கு ஐந்து வாரத்துக்குப் பிறகே அனுமதி கிடைத்தது.

மனம் தளர்ந்தது இரண்டாவது வாரத்தில். உடல் முழுவதும் நீர் கோத்து வீங்கியிருந்ததால் எடைக் கருவியில் அறுவைக்கு முன்பு இருந்ததைவிட ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டியது. கண்ணாடியில் பார்த்தால் முன்பைவிடப் பருத்திருந்தேன். இதற்காகவா இத்தனை வலியைத் தாங்கினோம் என்று அழுதேன். வீக்கம் பெரும்பாலும் வடிய ஆறு வாரமும், உண்மையான வடிவம் தெரிய ஆறு மாதமும் ஆயின. முதல் ஒரு மாதம் எடைக் கருவியில் ஏறவே ஏறாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

நெய்தல் எழுதியது:

நான் அறுவை அரங்கிலும் அதையடுத்த மீட்பு அறையிலும் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் செவிலியர். மாலைநிலவு, உங்கள் பயத்துக்கு மதிப்புக் கொடுத்து, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1970-களில் இத்தாலியில் தந்தையும் மகனுமான ஃபிஷர் மருத்துவர்களும், பிரான்சில் இல்லூஸ் என்ற மருத்துவரும் இந்த முறையை உருவாக்கிய காலத்தில், முழு மயக்கம் கொடுத்தே செய்தார்கள், இரத்த இழப்பும் அதிகமாக இருந்தது. 1980-களின் நடுவில் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், உப்பு நீரில் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் மிகவும் நீர்த்த நிலையில் கலந்து, கொழுப்புப் படலம் விறைக்கும் அளவுக்குச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் இரத்த இழப்பு மிகவும் குறைந்தது. சிற்றோடையின் தோல் வெளிறிப்போனதற்கும் அதுவே காரணம்.

ஆனால் இந்த நீரிலும் ஒரு கணக்கு இருக்கிறது. லிடோகெய்னை அட்ரினலினோடு சேர்த்து வழக்கமான மரப்பு ஊசியாகப் போடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பதே எல்லை. இந்த முறையில் அது கொழுப்பிலிருந்து மெதுவாகவே இரத்தத்தில் கலக்கும் என்பதால் 35 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று கிளைன் காட்டினார். இப்போது 55 வரை செல்பவர்களும் உண்டு. மெதுவாகக் கலக்கும் என்பதன் மறுபக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுவது அறுவை முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து. அதனால்தான் முதல் இரவு தனியாக இருக்கக் கூடாது என்கிறோம். வாயைச் சுற்றி மரத்துப்போதல், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், குழறும் பேச்சு, தசைத் துடிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லிடோகெய்னின் இந்த நச்சுத்தன்மையை முறிக்கச் சிரை வழியே கொடுக்கும் கொழுப்புக் கரைசல் ஒன்று இருக்கிறது. அது கையிருப்பில் உள்ளதா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் படுக்காமல் இருப்பது நல்லது.

உயிருக்கு ஆபத்தான மற்ற விளைவுகள் அரிதானவை, ஆனால் இல்லாதவை அல்ல. காலில் இரத்தம் உறைந்து அந்தக் கட்டி நுரையீரலை அடைவது, கொழுப்புத் துகள்கள் இரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் பாதிப்பது, குழாயின் முனை வயிற்றுச் சுவரைத் தாண்டிக் குடலைத் துளைத்துவிடுவது, தோலுக்கு அடியில் வேகமாகப் பரவும் கிருமித் தொற்று ஆகியவையே நாங்கள் அஞ்சுபவை. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மனக் குழப்பம், நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, காய்ச்சல் ஆகியவற்றைச் சாதாரண அறுவை வலி என்று எண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க, அறுவை நாளன்று மாலையே பிறர் துணையோடு எழுந்து சில அடிகள் நடக்க வேண்டும்.

எடுக்கும் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். ஒரே முறையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பேரளவு அறுவை என்று கருதி, இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் நெறி. உங்களுக்கு அவ்வளவு தேவைப்படாது என்றே உங்கள் விவரத்தைப் படித்தால் தோன்றுகிறது. கையோடு இன்னொரு அறுவையையும் அன்றே முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வதற்கு முன் நன்றாக யோசியுங்கள், மேசையில் இருக்கும் நேரம் நீள நீள இரத்தம் உறையும் அபாயமும் நீளும்.

ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகள், கருத்தடை மாத்திரை, மூலிகை மருந்துகள் என்று எதைச் சாப்பிட்டு வந்தாலும் மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம். புகைப் பழக்கம் உள்ளவர்கள் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே விட்டுவிட வேண்டும்.

சர்க்கரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2004-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், உடல் பருமன் உள்ள பெண்கள் சிலருக்கு வயிற்றிலிருந்து 10 கிலோ அளவுக்குக் கொழுப்பை எடுத்த பிறகும் இன்சுலின் வேலை செய்யும் திறனிலோ இரத்த அழுத்தத்திலோ கொலஸ்ட்ராலிலோ முன்னேற்றம் காணப்படவில்லை. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைத்தான் குழாய் எட்டும். குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து, சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கும் உட்கொழுப்பு வயிற்றுச் சுவருக்கு அப்பால் இருக்கிறது, அதை இந்தச் சிகிச்சை தொடுவதே இல்லை. உங்கள் நடைப்பயிற்சி அதற்குச் செய்வதை எந்த அறுவையும் செய்யாது. அறுவைக்கு முன் சர்க்கரை அளவைப் பார்த்துக் கட்டுப்பாட்டில் வைப்பது புண் ஆறுவதற்கும் அவசியம்.

கடற்கரையான் எழுதியது:

என் அனுபவம் முழுதும் நல்லதாக முடியவில்லை, ஆகவே அதையும் இங்கே பதிந்து வைப்பது நியாயம் என்று நினைக்கிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் மார்பிலும் இடுப்பின் பக்கவாட்டிலும் செய்துகொண்டேன். சில ஆண்களுக்கு மார்பில் இருப்பது கொழுப்பு மட்டுமல்ல, முலைக்காம்புக்குப் பின்னால் கெட்டியான சுரப்பித் திசுவும் இருக்கும், அதைக் குழாயால் முழுமையாக உறிஞ்சி எடுக்க முடியாது, தனியே வெட்டி எடுக்க வேண்டும். என்னைப் பார்த்த மருத்துவர் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த கொழுப்பு போய், சுரப்பி மட்டும் முன்பைவிடத் துருத்திக்கொண்டு நின்றது. வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது அறுவை செய்ய வேண்டியதாயிற்று.

இடது இடுப்பில், உள்ளங்கை அளவு இடத்தில் தோல் பள்ளமாக உள்வாங்கியிருக்கிறது. ஒரே இடத்தில் தோலுக்கு மிக நெருக்கமாக அதிகம் உறிஞ்சிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது நன்றாகத் தெரியும். உயிர்போகும் அபாயத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் இப்படிப்பட்ட மேடு பள்ளங்களும் இரு பக்கமும் ஒத்துப்போகாமல் இருப்பதும்தான் இந்தச் சிகிச்சையில் அதிகம் பேருக்கு நேரும் குறை. ஓரளவு சீரின்மை எல்லோருக்கும் இருக்கும், பெரும்பாலும் வீக்கம் வடியும்போது தானாகச் சரியாகிவிடும். என் மருத்துவரும் காத்திருக்கச் சொன்னார், ஓர் ஆண்டு காத்திருந்தேன், எனக்குச் சரியாகவில்லை. பள்ளத்தில் என் கொழுப்பையே ஊசியால் நிரப்பலாம் என்கிறார்கள், இன்னும் மனம் துணியவில்லை.

கொழுப்பு திரும்புமா என்ற கேள்விக்கும் நானே சாட்சி. எடுத்த இடத்தில் கொழுப்பு உயிரணுக்கள் போனவை போனவைதான், ஆனால் மீதம் இருப்பவை பருக்கும் வல்லமை உள்ளவை. வேலைச் சுமையில் உடற்பயிற்சியை விட்டு இரண்டு ஆண்டில் 9 கிலோ ஏறியபோது, இடுப்பைவிட முதுகிலும் வயிற்றிலும்தான் அதிகம் சேர்ந்தது. முன்பு பொருந்திய சட்டைகள் வேறோர் இடத்தில் இறுகின.

மாலைநிலவு எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கடற்கரையான் அவர்களே, உங்களுக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன், எழுதியமைக்கு இன்னும் கூடுதலாக நன்றி சொல்கிறேன். என் அடிவயிற்றில் பிரசவத்துக்குப் பிறகு தோல் சற்றுத் தளர்ந்திருக்கிறது, வரிகளும் இருக்கின்றன. கொழுப்பை எடுத்தால் அந்தத் தோல் இறுகுமா, இல்லை இன்னும் தொங்குமா?

நெய்தல் எழுதியது:

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல இயலாது, ஆனால் மருத்துவரிடம் போவதற்கு முன் நீங்களே ஒன்றைக் கவனிக்கலாம். நின்றபடி அடிவயிற்றை இரு விரல்களால் கிள்ளிப் பிடியுங்கள். விரல்களுக்கு இடையில் தடிப்பாக ஏதும் இல்லாமல் தோல் மட்டும் மெல்லிய மடிப்பாக வந்தால், அங்கே உறிஞ்சி எடுக்க அதிகம் இல்லை என்று பொருள். தடிப்பாக வந்து, விட்டவுடன் தோல் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பினால் நல்ல அறிகுறி. மெதுவாகத் திரும்பினாலோ மடிப்பு தங்கினாலோ, கொழுப்பு போன பிறகு தோல் சுருங்காமல் தொங்கும் வாய்ப்பு அதிகம். வரிகள் இருக்கும் இடத்தில் தோலின் நெகிழ்வுத் தன்மை ஏற்கெனவே குறைந்திருக்கும். லிபோசக்‌ஷன் வரிகளை நீக்காது, தொடையில் சிலருக்குத் தெரியும் குழிகுழியான தோலையும் சமன்படுத்தாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது வயிற்றின் நடுவில் மேடு போல எழும்பினால், பிரசவத்தில் விலகிய வயிற்றுத் தசைகள் இன்னும் சேரவில்லை என்று எண்ண இடமிருக்கிறது. அப்படியானால் வயிறு முன்தள்ளித் தெரிவதற்குக் கொழுப்பைவிடத் தசையே காரணமாக இருக்கலாம், அதற்கு மருத்துவம் வேறு. உங்கள் தொடையும் வயிறும் ஒரே கேள்வி அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மாலைநிலவு எழுதியது:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டாவதாக வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் பேசினார், வயிற்றைக் கையால் அழுத்திப் பரிசோதித்தார். தசை இரண்டு விரல் அகலம் விலகியிருக்கிறது, அங்கே கொழுப்பை எடுப்பதால் நீங்கள் எதிர்பார்க்கும் மாற்றம் வராது, முதலில் தசைக்கான பயிற்சிகளைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். தொடைகளில் மட்டும், இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை லிட்டருக்குள் எடுக்கலாம் என்றார். மயக்க மருந்து மருத்துவர் யார், கொழுப்புக் கரைசல் இருக்கிறதா, இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று எழுதிக்கொண்டு போன கேள்விகள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்த பிறகு நாள் குறிக்கலாம் என்றார். பிள்ளைகளின் விடுமுறையில், என் தங்கை வந்து இரண்டு வாரம் தங்கும்போது செய்துகொள்வதாக முடிவு செய்திருக்கிறேன். சிற்றோடை, வேறு ஏதாவது தயார் செய்துகொள்ள வேண்டுமா?

சிற்றோடை எழுதியது:

தங்கை இருப்பது பெரிய பலம். ஒன்றே ஒன்று மட்டும் மறக்காமல் அவரிடமும் சொல்லி வையுங்கள். குளிப்பதற்காக முதன்முறை அழுத்த உடையைக் கழற்றும்போது, அதுவரை இறுக்கத்தில் இருந்த உடலின் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றும். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து, சுவரைப் பிடித்தபடி தரையில் சரிந்தேன். முன்பே தண்ணீர் குடித்துவிட்டு, படுக்கையில் உட்கார்ந்தபடியே உடையைப் பாதிவரை கழற்றிச் சில நிமிடம் பொறுத்திருந்து, பிறகு மீதியைக் கழற்றுங்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தே குளியுங்கள், தண்ணீர் மிகவும் சூடாக இருக்க வேண்டாம், கதவைத் தாழிடாமல் தங்கையை வெளியே நிற்கச் சொல்லுங்கள். அழுத்த உடை இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டிருக்கும்போது மாற்றிக்கொள்ள இன்னொன்று வேண்டும்.